மொய் உறையில் வைத்த வாடகை

தவமணிதேவியை அவள் மடித்த படுக்கை விரிப்புகளை வைத்துத்தான் எனக்கு முதலில் தெரியும். டிரென்டனில் நான் நர்ஸாக இருந்த முதியோர் காப்பகத்தில், கீழே சலவை அறையிலிருந்து வரும் விரிப்புகள் எப்போதும் கோணலாகத்தான் இருக்கும். எண்பத்தைந்தாம் ஆண்டு பிப்ரவரியில் ஒரு காலை, நான்கு மூலையும் ஒன்றின் மேல் ஒன்றாக, அஞ்சல் உறை மாதிரி ஒரு கட்டு வந்தது. யார் மடித்தது என்று பார்க்க இறங்கிப் போனேன். நீராவிக்கு நடுவில், சீருடைக் கழுத்துக்குள் தாலிக்கொடி தெரிய, என்னைவிட நாலைந்து வயது இளையவளாக, ஐம்பது வயதில் ஒரு பெண் நின்றிருந்தாள்.

"நீங்கள் தமிழோ?" என்றாள்.

"நாகர்கோவில்."

"நான் கொழும்பு. வெள்ளவத்தை தபால் கந்தோரிலை இருபத்திரண்டு வருஷம் ரெஜிஸ்டர் தபால் கவுண்டர். இப்ப துணி தோய்க்கிறன்."

சலித்துக்கொண்டு சொல்லவில்லை. இடமாற்றம் ஆனதைச் சொல்வது போலச் சொன்னாள்.

எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் கொழும்பில் அவர்கள் வீடு எரிந்தது. அடுத்த மார்ச்சில் அவளும் கணவர் ஞானேஸ்வரனும் விசிட்டர் விசாவில் நியூ ஜெர்சி வந்து சேர்ந்தார்கள். அவர் தேயிலைக் கம்பெனியில் கணக்காளர், நன்றாகப் பேசுவாராம். நான் பார்க்கும்போது வலது கையும் வலது காலும் போய், பேச்சும் போயிருந்தது. வந்த ஏழாம் மாதம் பக்கவாதம். மிஞ்சியது ஒரே ஒரு சொல், 'ஓம்', அவர்கள் ஊர் 'ஆமாம்'. பசிக்கிறதா என்றாலும் ஓம், பசி இல்லையா என்றாலும் ஓம்.

இவர்களுக்கு இருக்க இடம் கொடுத்தவர் டாக்டர் மகாதேவன். மயிலாப்பூர்க்காரர், அறுவைச் சிகிச்சை நிபுணர், வெஸ்ட் வின்ட்சரில் பெரிய வீடு. கொழும்பிலிருந்து வந்தவர்களுக்காகத் தமிழ்ச் சங்கத்தில் கூட்டம் போட்டபோது மற்றவர்கள் கம்பளியும் பாத்திரமும் கொண்டுவந்தார்கள். அவர் ஒரு சாவியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். டிரென்டனில் அவருக்கு நான்கு குடித்தனம் உள்ள ஒரு பழைய வீடு இருந்தது, அதில் கீழ்வீட்டுச் சாவி. இதை இங்கேயே எழுதிவிடுகிறேன். பின்னால் அவரைப் பற்றி எழுதப்போவது வேறு மாதிரி இருக்கும்.

விசாவை நீட்டிக்க ஒரு கடிதம் தேவைப்பட்டது. 'இவர்கள் என் வீட்டில் என் விருந்தினர்களாக, வாடகை எதுவும் இல்லாமல் இருக்கிறார்கள்' என்று டாக்டர் எழுதினார். கீழே தவமணியும் ஞானேஸ்வரனும் கையெழுத்துப் போட்டார்கள். புகலிட மனு போட்டபோது அந்தக் கடிதமும் கோப்போடு போனது. எழுதிய தேதியில் அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை.

வேலை செய்ய அனுமதி வந்து, சலவை அறையில் சேர்ந்து, முதல் மாதச் சம்பளம் வாங்கியதும், தவமணி இருநூற்று ஐம்பது டாலரை ஓர் உறையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினாள். டாக்டர் வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷனான பிரின்ஸ்டன் ஜங்ஷனுக்கு டிரென்டனிலிருந்து அதிக நேரம் ஆகாது. டாக்டரின் மனைவி ஸ்வர்ணா காரில் வந்து அழைத்துப் போனாள். உறையைப் பார்த்ததும் பதறிவிட்டாளாம்.

"உங்ககிட்ட வாடகை வாங்கினா நாலு பேர் என்ன பேசுவா? உள்ள வைங்க முதல்ல."

"சும்மா இருக்கிறது எங்களுக்கு வெக்கமா இருக்குதம்மா."

ஸ்வர்ணா கொஞ்சம் யோசித்தாள். "சரி, ஒரு டாலர் சேருங்க. இருநூத்தம்பத்தொண்ணு. மொய்யா வாங்கிக்கறேன். வாடகைங்கற பேச்சு மட்டும் நமக்குள்ள வேண்டாம்."

அன்றிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு இருநூற்று ஐம்பத்தொன்று. வாங்கிக்கொண்டு ஸ்வர்ணா சும்மா அனுப்பமாட்டாள். வெற்றிலை கிடைக்காத ஊரில் ஆப்பிள், மஞ்சள், குங்குமம், ஒரு ரவிக்கைத் துணி. தவமணிக்கு அது பிடித்திருந்தது. தான் யாரிடமும் ஓசியில் இல்லை, அதே சமயம் யாருக்கும் குடிக்கூலிக்காரியும் இல்லை என்று நினைத்தாள். எனக்கு அன்றே உறுத்தியது. ஆனால் என்னிடம் யாரும் கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை.

இங்கே அந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லாபத்துக்கு வீடு வாங்குவதை நான் கேள்விப்பட்டிருக்கிறேன். நஷ்டத்துக்கு வாங்குவதை அமெரிக்காவில்தான் பார்த்தேன். நிறையச் சம்பாதிக்கிற டாக்டர்கள் பழைய வீடுகளை வாங்கி வாடகைக்கு விடுவார்கள். தேய்மானம், வட்டி, பழுது என்று போட்டால் காகிதத்தில் நஷ்டம் வரும். அந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் கழித்து வருமான வரியைக் குறைத்துக்கொள்வார்கள். சட்டப்படி சரிதான். ஆனால் சும்மா ஆளைக் குடிவைத்தால் அந்தப் பகுதிக்குக் கழிவு கிடைக்காது. வாடகை வாங்கினால் அதை வருமானமாகக் காட்ட வேண்டும். மகாதேவன் இரண்டும் செய்யவில்லை. கீழ்வீடு பழுதுபார்ப்பில் இருக்கிறது, காலி என்று வருடா வருடம் எழுதினார். மனைவி வாங்குவது மொய்தானே.

எண்பத்தாறில் வரிச் சட்டம் மாறியது. இனி அந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது, கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திவிடுவார்கள் என்று அறிவித்தார்கள். எங்கள் காப்பகத்துக்கு வந்துபோகிற டாக்டர்கள் எல்லோரும் அந்த வருடம் நோயாளியைப் பற்றிப் பேசியதைவிட வீட்டை விற்பதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். மகாதேவனும் டிரென்டன் வீட்டுக்கு ஆள் தேடினார்.

இது எதுவும் தவமணிக்குத் தெரியாது. எண்பத்தேழு மார்ச்சில் நூலகத்தில் ஏழைகளுக்கு இலவசமாக வரிப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வரிசையில் நின்றாள். நிரப்பிய அம்மாள், "வீட்டு வாடகை கொடுக்கிறீர்களா?" என்று கேட்டாள். தவமணி கவுண்டரில் இருந்தவள். படிவத்தில் கேட்டதற்குப் பதில் சொல்வாள். கொடுக்கிறோம் என்றாள். எவ்வளவு என்றதற்கு இருநூற்று ஐம்பத்தொன்று என்றாள். வாடகைக்கு இருப்பவர்களுக்கு மாநில அரசு வருடம் ஒரு சிறு தொகை திருப்பித் தரும். ஜூலையில் அறுபத்தைந்து டாலருக்குக் காசோலை வந்தது.

அதற்கு மேல் அவள் செய்ததுதான் நம் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. ரவா லட்டு பிடித்து, ஒரு தட்டில் அடுக்கி, நடுவில் அந்தக் காசோலையின் நகலை வைத்து, வெஸ்ட் வின்ட்சருக்குக் கொண்டுபோனாள். "உங்கட வீட்டாலை வந்தது. முதலிலை உங்களுக்குக் காட்ட வேணும்" என்று டாக்டர் கையில் கொடுத்தாள்.

டாக்டர் நின்றுகொண்டே படித்தாராம். லட்டைத் தொடவில்லை.

"இதுல எங்க அட்ரஸ் குடுத்தீங்களா?"

"நாங்கள் இருக்கிற அட்ரஸ் குடுத்தனான்."

"எவ்வளவு வாடகைன்னு எழுதினீங்களா?"

"ஓம். உள்ளதுதானே."

ஸ்வர்ணா உள்ளே போய்விட்டாள். அந்த முறை ரவிக்கைத் துணி வரவில்லை. ஆகஸ்டில் உறையைக் கொண்டுபோனபோது, "இப்ப வேணாம்மா, அவர் பேசுவார்" என்று வாசலிலேயே திருப்பிவிட்டாள்.

அவர் பேச வந்த சனிக்கிழமை நான் அங்கே இருந்தேன். ஞானேஸ்வரனின் கை கால் மூட்டுகள் இறுகாமல் இருக்க வாரம் மூன்று நாள் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் கையில் தட்டச்சு செய்த ஒரு தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். மனிதர் தூங்கி நாளாயிருக்கும் போலிருந்தது.

"தவமணி அம்மா, நான் சுத்தி வளைக்கல. இந்த வீட்டை விக்கறேன். வாங்கறவன் காலியா வேணும்ங்கறான். அக்டோபர் கடைசிக்குள்ள நீங்க வேற எடம் பாத்துக்கணும். அப்பறம் இதுல ஒரு கையெழுத்து. நீங்க இங்க கெஸ்ட்டா இருந்தீங்க, வாடகை குடுக்கல, நூலகத்துல தெரியாம சொல்லிட்டீங்கன்னு."

"தெரியாமல் சொல்லேல்லையே, டொக்டர். தெரிஞ்சுதான் சொன்னனான்."

"அதான் பிரச்சனை." அவர் திரும்பினார். "ஞானேஸ்வரன் சார், நீங்களே சொல்லுங்க. நீங்க எங்க கெஸ்ட்டாத்தானே இருக்கீங்க?"

"ஓம்," என்றார் ஞானேஸ்வரன்.

"பாத்தீங்களா?"

"நீங்கள் அமெரிக்க ஜனாதிபதியோ எண்டு அவரிட்டைக் கேட்டுப் பாருங்கோ," என்றாள் தவமணி. "அதுக்கும் ஓம் எண்டுதான் சொல்லுவார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. டாக்டருக்கு வரவில்லை.

"காலியா இருக்குன்னு மூணு வருஷமா எழுதியிருக்கேன். நீங்க வாடகை குடுத்தேன்னு கவர்மென்ட்டுக்கு எழுதிக் குடுத்திருக்கீங்க. ரெண்டையும் எவனாவது பக்கத்துல வெச்சுப் பாத்தா என் லைசென்ஸ் என்னாகும்? நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேன்?"

கெடுதல் எதுவும் பண்ணவில்லைதான். தவமணி தாளை வாங்கி வைத்துக்கொண்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

கையெழுத்துப் போடலாம், போகலாம் என்றுதான் அவளும் முதலில் நினைத்தாள். இன்னொரு வீடு கிடைத்தால் போதும். செப்டம்பர் முழுக்க என் காரில் வீடு தேடினோம். ஞானேஸ்வரனால் ஒரு படி ஏற முடியாது. சக்கர நாற்காலியைத் தூக்க ஆள் இல்லை. தரைமட்டத்தில் வீடு வேண்டும். அவள் நடந்து வேலைக்குப் போகிற தூரத்தில் வேண்டும். பதினோரு வீடு பார்த்ததில் இரண்டுதான் தரைமட்டம். அந்த இரண்டிலும் படிவம் நீட்டினார்கள். முன்பு குடியிருந்த வீட்டு உரிமையாளர் யார், எவ்வளவு வாடகை, ரசீது இருக்கிறதா.

இரண்டாவது வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர். நல்ல மனிதர். சக்கர நாற்காலி நுழையுமா என்று வாசலை அவரே அளந்து காட்டினார். "மூன்றரை வருடம் எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்டார்.

"நண்பர்கள் வீட்டில்."

"மூன்றரை வருடம் விருந்தாளியாகவா?" அவர் தலையைச் சொறிந்தார். "அம்மா, நீங்கள் ஒழுங்காக வாடகை கொடுப்பீர்கள் என்று எவராவது ஒருவர் எழுதித் தந்தால் போதும். எனக்கும் இப்போது வரி அதிகம். வாடகை நின்றால் தாங்கமாட்டேன்."

அன்று மாலையே தவமணி டாக்டருக்குப் போன் செய்தாள். ஒரு கடிதம், இரண்டு வரி. நான் பக்கத்தில் நின்றேன். மறுமுனையில் அவர் சொன்னது எனக்கே கேட்டது: "அந்த லெட்டர் எழுதினா அது என் கன்ஃபெஷன்மா. வேற எது வேணாலும் கேளுங்க."

அவள் போனை வைத்தாள். வாடகை கொடுத்தவள் என்று எழுதித் தர ஆள் இல்லாததால் இன்னொரு வீடு கிடைக்காது. வாடகை கொடுக்கவில்லை என்று தானே எழுதிக் கொடுத்தால் இருக்கிற வீடும் போகும்.

"அக்கா, இவரை எங்கை கொண்டுபோய் வைக்கிறது? ரயில்வே ஸ்டேஷனிலையோ?" என்றாள்.

"முதல்ல சாப்பிடு. நாளைக்குச் சட்ட உதவி ஆபீசுக்குப் போவோம்."

அங்கே ஒரு வழக்கறிஞர் அம்மாள் இருந்தாள். முழுவதையும் கேட்டாள். "மாதா மாதம் கொடுத்தீர்கள், மாதா மாதம் வாங்கினார்கள். எந்தப் பெயர் வைத்தாலும் நீங்கள் வாடகைக்கு இருப்பவர். வீட்டை விற்கிறேன் என்பதற்காக மட்டும் உங்களை வெளியேற்ற முடியாது. ரசீது இருக்கிறதா?"

தவமணி கைப்பையைத் திறந்து ஒரு கட்டை மேசையில் வைத்தாள். இருபத்தொன்பது ரவிக்கைத் துணி. விரிப்பு மடிப்பது போலவே மடித்து, ஒவ்வொன்றிலும் தேதி எழுதிய சிறு துண்டுக் காகிதத்தைக் குத்தியிருந்தாள். கவுண்டர் பழக்கம். அந்த அம்மாள் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. அதற்காக அவள்மேல் எனக்கு மரியாதை வந்தது.

பிறகு குடியேற்றக் கோப்பிலிருந்த கடிதத்தின் நகலைக் காட்டினோம். அவள் முகம் மாறியது.

"இதில் வாடகை இல்லை என்று நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். நீதிமன்றம் போனால் அவர் இதைத்தான் எடுப்பார். பிறகு குடியேற்ற அதிகாரி கேட்பார், எது பொய் என்று."

"எழுதேக்கை உண்மை. பிறகு நான் சம்பாதிக்கத் தொடங்கினன். உண்மை மாறிப்போச்சு," என்றாள் தவமணி. எழுதும்போது உண்மைதான், பிறகு மாறியது என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

"அப்படியானால் மாறிவிட்டது என்று நீங்களாகவே முதலில் எழுதிக் கொடுங்கள். அவர்கள் கண்டுபிடித்த பிறகு சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். எழுதினாலும் நம்புவார்கள் என்று நான் உறுதி சொல்ல முடியாது. புகலிட மனு தள்ளிப்போகலாம். தள்ளுபடியும் ஆகலாம்."

ஒரு பக்கம் வீடு, ஒரு பக்கம் நாடு. எதைத் தொட்டாலும் மற்றது இடியும். இதற்கு மேல் டாக்டருக்கு வரும் கெடுதல் வேறு. வீட்டு வாசலில் காரிலிருந்து இறங்கும்போது தவமணி கேட்டாள்: "இஞ்ச ரெஜிஸ்டர் தபாலுக்கு என்ன பேர், அக்கா?"

அக்டோபர் முதல் தேதி, வேலை முடிந்ததும் அஞ்சலகத்துக்குப் போனாள். குடியேற்ற அலுவலகத்துக்கு ஒரு கடிதம்: இன்ன மாதத்திலிருந்து நாங்கள் வாடகை கொடுக்கிறோம், முன்பு எழுதியதைத் திருத்திக்கொள்ளவும். டாக்டருக்கு இன்னொன்று. அதில் இருநூற்று ஐம்பது டாலருக்கு மணி ஆர்டர், 'கீழ்வீட்டு வாடகை, அக்டோபர் 1987' என்று ஒரு வரி. இரண்டையும் பதிவுத் தபாலில், பெற்றதற்குக் கையெழுத்து வாங்கி வரும் பச்சை அட்டையோடு அனுப்பினாள்.

டாக்டர் வீட்டில் பகலில் இருப்பவள் ஸ்வர்ணா. தபால்காரர் நீட்டியதும் வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். நான்காம் நாள் பச்சை அட்டை தவமணியிடம் வந்தது. அதைக் கொண்டுவந்து சலவை அறையில் என்னிடம் காட்டினாள்.

"மூண்டரை வருஷத்துக்குப் பிறகு எனக்கு ஒரு கிரீன் கார்ட் வந்திருக்கு. பாருங்கோ."

அன்று சாயங்காலம் ஸ்வர்ணா போன் செய்தாள். குரலில் கோபத்தைவிடத் திகைப்பு அதிகம் என்று தவமணி சொன்னாள்.

"ஒரு டாலர் கொறச்சு அனுப்பியிருக்கீங்களே."

"அது வாடகை அம்மா. மொய் இல்லை."

"நாம அப்படியா பழகினோம்?"

"இல்லை. அதாலைதான் இவ்வளவும்."

அதன்பின் ஸ்வர்ணா கூப்பிடவில்லை. தவமணி அன்று அழுதாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். ஊர்விட்டு வந்த இடத்தில் அவளை 'சாப்பிட்டீங்களா' என்று கேட்ட முதல் வீடு அது.

டாக்டர் நீதிமன்றம் போகவில்லை. அவருடைய கணக்காளரும் வழக்கறிஞரும் சேர்ந்து, பழைய வருடங்களின் படிவங்களைத் தாமாகவே திருத்திக் கொடுத்துவிடுங்கள், விட்ட வரியையும் அபராதத்தையும் கட்டிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். கட்டினார். வீடும் விற்கவில்லை. எல்லா டாக்டர்களும் ஒரே சமயத்தில் விற்க வந்தால் வாங்க யார் இருப்பார்கள்? நவம்பரில் தவமணிக்கு முறையான ஒப்பந்தம் தபாலில் வந்தது. அவள் கேட்டது எல்லாம் அதில் இருந்தது. பெயர், முகவரி, குடியிருப்பவர் என்ற சொல். வாடகை முன்னூற்று எழுபத்தைந்து.

அவள் போன் செய்தபோது டாக்டர் சொன்னாராம்: "வாடகைன்னு ஆனப்பறம் வாடகைதான்மா. இனிமே எனக்கு அதுக்கு டாக்ஸ் இருக்கு, நஷ்டத்தைக் கழிக்க வழியில்ல. அக்கம்பக்கத்துல என்னவோ அதுதான் போட்டிருக்கேன். மேல் வீடுகளுக்கும் ஏத்தியிருக்கேன்." பொய் இல்லை. தெரு முழுக்க ஏறியிருந்தது.

தவமணி கையெழுத்துப் போட்டாள். பகலில் சலவை, மாலையில் காப்பகத்துச் சமையலறையில் பாத்திரம் கழுவும் வேலை. காலை ஆறரைக்குப் போனால் இரவு எட்டுக்குத்தான் வருவாள். ஞானேஸ்வரனை நாற்காலியில் உட்காரவைக்க நேரமில்லை, படுக்கையிலேயே விட்டுவிட்டுப் போவாள். நான் என் ஷிஃப்ட் முடிந்து நாலு மணிக்கு ஒரு மணி நேரம் போவேன். காலை பதினோரு மணிக்கு மேல்வீட்டுப் போர்ட்டோ ரிக்கோக்காரி இறங்கி வருவாள். அவள் ஸ்பானிஷில் ஏதோ சொல்லிக்கொண்டே அவரைப் புரட்டிப் படுக்கவைத்துச் சூப் கொடுப்பாள். அவர் ஓம் என்பார். நன்றாகத்தான் போனது, ஒரு மாதம்.

டிசம்பர் கடைசியில் அந்த மேல்வீட்டுக்காரி இரண்டு பிள்ளைகளோடு காலி செய்துகொண்டு அக்காள் வீட்டுக்குப் போய்விட்டாள். ஏற்றிய வாடகை அவளால் கட்ட முடியவில்லை. போகும் முன் சூப் பாத்திரத்தைக் கழுவி தவமணி வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.

அதன்பின் காலை ஆறரையிலிருந்து மாலை நாலு வரை அவரைத் திருப்பிப் படுக்கவைக்க ஒருவரும் இல்லை. ஒன்பதரை மணி நேரம். பக்கவாதக்காரரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்ப வேண்டும் என்பது நர்ஸ் படிப்பில் முதல் மாதப் பாடம்.

ஜனவரி இரண்டாம் வாரம் முதுகெலும்பின் அடியில் சிவப்பு. மூன்றாம் வாரம் தோல் உரிந்தது. பிப்ரவரி முதல் வாரத்தில் என் இரண்டு விரல் நுழைகிற குழி, ஓரம் கறுத்து, நாற்றம். தவமணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பார்க்கவில்லை. கையை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அங்கிருந்து சொன்னாள்: "வேலையை விட்டால் வீடு இல்லை. விடாட்டில் இவர் இல்லை. எதை விட, அக்கா? நீங்கள் சொல்லுங்கோ, நான் செய்யிறன்."

"செத்த சதையை வெட்டி எடுக்கணும். அது என் வேலை இல்லை. சர்ஜன் வேணும்."

"சர்ஜனுக்குக் காசு?"

எனக்குத் தெரிந்த சர்ஜன் ஒருவர்தான். சனிக்கிழமை அவர் வீட்டுக்கு நானே போன் செய்தேன்.

"சிஸ்டர், அந்த விஷயம் லாயர் மூலமா..." என்று ஆரம்பித்தார்.

"குடியிருக்கறவருக்காகப் பேசல, டாக்டர். நோயாளிக்காகப் பேசறேன். முதுகடியில, சேக்ரம் மேல நாலு சென்டிமீட்டர், எலும்பு இன்னும் தெரியல, தெரியப்போகுது. காய்ச்சல் நூத்தொண்ணு."

"என்ன சாப்பிடறார்?" என்று கேட்டார். சொன்னேன். "நாளைக்குக் காலைல வரேன்."

ஞாயிறு ஒன்பது மணிக்குப் பையோடு வந்தார். தவமணி கதவைத் திறந்து வழிவிட்டாள். நான் வெந்நீரும் துணியும் தயாராக வைத்திருந்தேன். ஜன்னல் பக்கம் கட்டிலை இழுத்து, அவரைக் குப்புறப் படுக்கவைத்தோம். மகாதேவன் மனிதராக எப்படியோ, கை நல்ல கை. நாற்பது நிமிடம். கறுத்ததெல்லாம் வெட்டி, ரத்தம் வரும் சிவப்புச் சதை தெரியும் வரை போனார். "வலிக்குதா சார்?" என்று அடிக்கடி கேட்டார். "ஓம்," என்றார் ஞானேஸ்வரன். இந்த ஒரு முறை அது சரியான பதில்.

கை கழுவிவிட்டு வந்து, புண்ணுக்குக் கட்டுப் போடுவது எப்படி, எந்த மருந்து, எத்தனை நாள் என்று எனக்குச் சொன்னார். கடைசியில் தவமணியைப் பார்த்தார்.

"பகல்ல யார் இருக்கா இவரோட?"

"ஒருத்தரும் இல்லை."

"மேல்வீட்ல ஒருத்தி இருந்தாளே."

"வாடகை கட்ட ஏலாமல் போயிட்டா."

அவர் பையின் பூட்டைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார்.

"தவமணி அம்மா, சாயங்காலமும் ஒரு வேலைக்குப் போறீங்கன்னு சிஸ்டர் சொன்னாங்க, அதை விட்டுடுங்க. புண் ஆற அஞ்சு மாசம் ஆகும். அந்த அஞ்சு மாசமும் வாடகை வேண்டாம். நான் கேக்கமாட்டேன். ஸ்வர்ணாவும் அதைத்தான் சொன்னா."

ஒத்துக்கொள் என்று நான் கண்ணால் சொன்னேன். ஐந்து மாதம், ஒரு மனிதனின் முதுகு. நர்ஸாக எனக்கு அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

தவமணி உள்ளே போய் ஓர் உறையைக் கொண்டுவந்தாள். முன்னூற்று எழுபத்தைந்துக்குக் காசோலை. பிப்ரவரி வாடகை, ஏழு நாள் தாமதமாகியிருந்தது, தபால் செலவு மிச்சம் என்று நேரில் கொடுக்க வைத்திருந்தாள்.

"வேண்டாம் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ, டொக்டர்," என்றாள். "கும்பிட்டுக் கேக்கிறன். நீங்கள் நல்ல மனசோடைதான் சொல்லுறியள், எனக்குத் தெரியும். முதல் தரமும் நல்ல மனசோடைதான் சொன்னனீங்கள். திருப்பியும் எங்களை விருந்தாளி ஆக்கிப்போடாதேங்கோ. குறைச்சு வாங்குங்கோ. எவ்வளவு குறைப்பியளோ அதை எழுதிக் குறையுங்கோ. ஆனால் வாங்குங்கோ."

டாக்டர் உறையை வாங்கினார்.

"ரசீது எழுதித் தாங்கோ."

"ரசீது புக் வீட்ல இருக்கு."

"உங்களிட்டை கடதாசி இருக்கே."

அவர் பையிலிருந்து மருந்துச் சீட்டுக் கட்டை எடுத்தார். முழங்காலில் வைத்து எழுதினார். பிப்ரவரி முதல் ஜூன் வரை மாத வாடகை இருநூற்று ஐம்பது, ஒப்பந்தத்தின் மற்ற விதிகள் மாறவில்லை. கையெழுத்து, தேதி. மிச்சம் நூற்று இருபத்தைந்தை அடுத்த மாதத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லி இன்னொரு சீட்டு. இரண்டையும் கிழித்துக் கொடுத்தார். எல்லா டாக்டர்களையும் போல அவர் எழுத்தும் புரியவில்லை. தவமணி ஒவ்வொரு எண்ணையும் விரலால் தொட்டுப் படித்தாள். ஓரிடத்தில் வாடகைக்கான ஆங்கிலச் சொல் சரியாக விழவில்லை என்று திருப்பிக் கொடுத்தாள். அவர் மேலேயே திருத்தி எழுதி, பக்கத்தில் சுருக்கக் கையெழுத்தும் போட்டார்.

அவர் போனபின் அவள் அந்தச் சீட்டுகளைப் பச்சை அட்டைகளோடு சேர்த்து வைத்தாள். குடியேற்ற அலுவலகத்திலிருந்து அன்றுவரை ஒரு பதிலும் இல்லை. சமையலறை வேலையை விட்டாலும் சலவை வேலை இருக்கிறது; காலை ஆறரையிலிருந்து மூன்று வரை அவரைத் திருப்ப ஆள் இன்னும் இல்லை. வாடகை இருநூற்று ஐம்பதாகக் குறைந்தாலும் அதற்கு ஆள் வைக்கக் காசு போதாது.

"ராத்திரி ஷிஃப்டுக்கு மாத்தித் தரச் சொல்லி நான் கேட்டுப் பாக்கிறேன். நீ பகல்ல இருக்கலாம், ராத்திரி நான் இங்க வந்து படுத்துக்கறேன்," என்றேன்.

"எப்ப படுக்கிறது?"

"அவரைத் திருப்பிப் போட்டதும், அடுத்த ரெண்டு மணி நேரம், அவர் கூட."

"சரி," என்றாள். கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து ஐம்பது. நான் தோளைப் பிடித்தேன், அவள் இடுப்பைப் பிடித்தாள், இடது பக்கம் திருப்பினோம்.